எண்ணெய்க் கசிவு: கருவிகள் கிடங்கில் இருந்தால் போதுமா?

போதாது. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் பாறைத்திட்டில் மோதி, சுமார் 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெயை அகற்றும் கருவிகள் 5 மணி நேரத்தில் போய்ச் சேரும் என்றது அவசரகாலத் திட்டம். ஆனால் அவற்றைக் கொண்டுபோக வேண்டிய படகு பழுதாகி நின்றது, கருவிகள் அதில் ஏற்றப்படவே இல்லை. 10 மணி நேரத்துக்கும் மேல் வீணானது.

இந்தத் தாமதம்தான் கொடுமை. எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவிவிடும். அப்புறம் அலையில் நீரோடு கலந்து கெட்டியான குழம்பாகும். அந்தக் குழம்பை உறிஞ்ச ஸ்கிம்மரும் (நீர்மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் கருவி) பம்பும் திணறும். அதனால் எண்ணெய் பரவாமல் மறிக்கும் மிதவைத் தடுப்புகள் எப்போதும் படகிலேயே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். பம்பை அடிக்கடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சரி, உறிஞ்சிய எண்ணெயை எங்கே கொட்டுவது? தொட்டி நிரம்பினால் ஸ்கிம்மர் நின்றுவிடும். பலரும் மறப்பது இதைத்தான்.