கார்த்திகையில் கரண்டு போனால்: கேள்வி பதில்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் கரண்டு இல்லை. கீழே உள்ள பதில்கள் அப்படி நீண்டு போகும் மின்தடையை வைத்துச் சொன்னவை. இரண்டு மணி நேர பவர்கட்டுக்கு இதில் பாதிகூட வேண்டாம்.

கேள்வி (திருவட்டாறு): அண்ணே, எத்தனை நாளுக்குத் தயாரா இருக்கணும்? டவுனுக்கு மட்டும் மொதல்ல கரண்டு வருதே, அது எப்படி?

பதில்: டவுன்காரருக்குச் சலுகை என்று நினைக்க வேண்டாம். வேலை மேலிருந்து கீழேதான் வரும். முதலில் துணைமின் நிலையம், அடுத்து 11 கே.வி. லைன், பிறகு டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் தெருவுக்கு வரும் லைன். ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார் இருக்கும் லைன்களை முன்னால் சரிசெய்வார்கள். தோட்டத்துக்குள் ஆறேழு கம்பம் தாண்டி ஒற்றை வீடு என்றால் நீங்கள் கடைசி ஆள். பத்து நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அருமனை): விளக்குக்கு எல்லாம் வாங்கி வெச்சாச்சு. வேற என்ன வாங்கணும்?

பதில்: விளக்கை எல்லாரும் முதலில் வாங்குவார்கள். ஆனால் வீட்டில் முதலில் முடங்குவது தண்ணீர். ஐந்து பேர் உள்ள வீட்டில், துணி துவைப்பதை விட்டுவிட்டாலும், குடிக்க, சமைக்க, குளிக்க, கக்கூசுக்கு என்று ஆளுக்கு 50 லிட்டர் போகும். கறவை மாடு ஒன்று நின்றால் அதற்குத் தனியாக 50. ஆக ஒரு நாளைக்கு 300 லிட்டர். 1000 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால்கூட நான்காம் நாள் பைப்பில் காற்றுதான் வரும்.

திறந்த கிணறு இருந்தால் பாக்கியம். மோட்டார் வைத்ததும் கப்பியைக் கழற்றி விறகுப்புரையில் போட்டிருப்பீர்கள். அதை எடுத்து அச்சுக்கு எண்ணெய் விட்டு இப்போதே மாட்டுங்கள். கயிறு 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, மெல்லிய நைலான் கயிறு இரண்டு நாளில் உள்ளங்கையைக் கிழித்துவிடும். வாளி பத்து லிட்டருக்கு மேல் வேண்டாம், வீட்டில் பெரியவர்களும் இறைக்க வேண்டியிருக்கும். கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டு மூடியிருந்தால் வாளி போகிற அளவுக்கு ஒரு கதவு வெட்டி, பூட்டு போட்டு வையுங்கள்.

போர்வெல் மட்டும் உள்ள வீட்டுக்கு அந்த வழி இல்லை. மூன்று அங்குல பிவிசி பைப்பின் அடியில் வால்வு வைத்து இறக்கி இறைக்கலாம் என்பார்கள். உள்ளே சப்மெர்சிபிள் மோட்டாரும் பைப்பும் வயரும் தொங்கும்போது அதை இறக்கினால் சிக்கிக்கொள்ளும், அப்புறம் போர்வெல்லே போய்விடும். ஜெனரேட்டர்தான் வழி, அதைக் கீழே சொல்கிறேன்.

மழைத் தண்ணீரையும் விட வேண்டாம். 500 சதுர அடி ஷீட் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 350 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு டிரம்மைத் திருப்புங்கள். கக்கூசுக்கும் மாட்டுத் தொழுவம் கழுவவும் இது போதும், கிணற்றுத் தண்ணீர் அடுக்களைக்கு மிச்சமாகும்.

கேள்வி (குழித்துறை, ஆற்றோரம்): வெள்ளம் கிணத்துக்குள்ள ஏறிட்டா? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?

பதில்: முதலில் கிணற்றில் எத்தனை லிட்டர் நிற்கிறது என்று பாருங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீர் நிற்கும் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர் வரும். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 12.5 கன மீட்டர், அதாவது 12,500 லிட்டர். சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும், இந்தக் கிணற்றுக்கு 30 கிராம் சொச்சம். வெள்ளம் ஏறிய கிணற்றுக்கு இரட்டிப்பாகத் தொடங்குங்கள். முடிந்தால் முன்னதாகக் கலங்கல் நீரைக் கொஞ்சம் இறைத்துவிட வேண்டும், சேறு குளோரினைத் தின்றுவிடும்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டக் கூடாது. வாளியில் குழம்பு பதத்துக்குக் கரைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, அதைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். ராத்திரி செய்தால் விடியும்போது எடுக்கலாம், குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். காலையில் லேசாகக் குளோரின் வாடை இருந்தால் சரி. வாடையே இல்லை என்றால் அளவு பற்றவில்லை, மறுபடி போடுங்கள். போன வருடம் பிரித்த பொட்டலம் நம்மூர் ஈரக்காற்றில் வெறும் சுண்ணாம்பாகியிருக்கும், அதை நம்ப வேண்டாம். குடிக்கிற தண்ணீரை இதற்குப் பிறகும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி (கருங்கல்): 150 ஆம்பியர் பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கு. எத்தனை நாள் ஓடும்?

பதில்: ஃபேன் போட்டால் ஒரு ராத்திரி. போடாவிட்டால் இரண்டரை, மூன்று நாள் இழுக்கலாம்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் 1800 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும். எனவே 900. இன்வெர்ட்டரில் வீணாவது போக கையில் நிற்பது 750 அளவு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், எட்டு மணி நேரத்தில் 600-ஐத் தின்றுவிடும். கரண்டு குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். 9 வாட் எல்இடி பல்பு இரண்டு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 90. ஒரு போனுக்கு ஒரு முழுச் சார்ஜ் 25.

யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு: இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 15 முதல் 25 வாட் இழுக்கும். ராப்பகலாக விட்டால் ஒரு விளக்கும் எரியாமலே நாளுக்கு 400, 500 வாட்-மணி காலி. அந்தி மயங்கும்போது ஆன் செய்து, படுக்கும்போது முன்பக்கச் சுவிட்சை அணையுங்கள். போன் சார்ஜ் எல்லாம் அந்த நேரத்துக்குள் முடிய வேண்டும்.

கேள்வி (வில்லுக்குறி): மாடியில சோலார் போட்டிருக்கோம், எங்களுக்குக் கவலை இல்லதானே?

பதில்: பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார் என்றால் கரண்டு போன நொடியே அதுவும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வராது. லைனில் வேலை செய்கிறவர் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பேட்டரி உள்ளது என்றால் ஓடும், ஆனால் கார்த்திகை மூடாப்பில் வெயில்கால வரவில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. புதிதாகச் சின்ன பேனல் வாங்குவதானால் 12 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் பேனலே வாங்குங்கள். வீட்டுக்கூரைக்குப் போடும் பெரிய பேனலைச் சாதாரண சார்ஜ் கன்ட்ரோலரில் கொடுத்தால் பாதி மின்சாரம் வீண்.

கேள்வி (குலசேகரம்): பக்கத்துல நாலு வீடு சேர்ந்து ஜெனரேட்டர் எடுக்கலாம்னு இருக்கோம். ரெண்டு பக்கமும் பின் வெச்ச வயரை பிளக் பாயிண்ட்ல சொருகினா வீடு முழுக்க வரும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: அந்த வயரை இன்றைக்கே வெட்டி எறியச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வருகிற 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாக லைனில் நிற்கும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் செத்துப்போவார். மெயினை ஆஃப் பண்ணிக்கிறோம் என்பார்கள். பத்து நாளில் ஒருநாள் மறந்தால் போதும். அது போக, ஒரு முனையைப் பிடுங்கினால் கையில் இருக்கும் பின்னிலும் கரண்டு நிற்கும்.

முறையான வழி 32 ஆம்பியர் டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதாவது ஒரு நேரத்தில் லைனோ ஜெனரேட்டரோ ஒன்று மட்டும் வீட்டோடு சேரும் சுவிட்ச். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுவதாக இருக்க வேண்டும். நாலு வீட்டிலும் வயர்மேனை வைத்து மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

வீடு முழுக்க ஓட்ட நினைக்காமல் மோட்டாருக்கு மட்டும் ஜெனரேட்டர் என்று வைத்தால்தான் பெட்ரோல் தாங்கும். அரை எச்.பி. மோட்டாருக்கு 2 கே.வி.ஏ. போதும். 1 எச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது மூன்று நான்கு மடங்கு இழுக்கும், அதற்கு 3 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் எடுங்கள். மோட்டாருக்கு நேராகக் கொடுப்பதானால், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வரும் வீட்டு வயர் இரண்டையும் கழற்றி டேப் சுற்றிவிட்டு, ஜெனரேட்டர் வயரை அங்கே கொடுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர். மெல்லிய வயரில் வோல்டேஜ் விழுந்து மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. அப்படி உறுமினால் உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் காயில் கருகிவிடும். ஒழுங்காக ஓடினால் அதிக ஆழமில்லாத கிணற்றில் அரை மணியில் டேங்க் நிறையும். அந்த அரை மணியில் இன்வெர்ட்டரையும் ஜெனரேட்டரில் தனி வயரில் மாட்டிவிடுங்கள், கொஞ்சம் சார்ஜ் ஏறும். பேட்டரிக்காக மட்டும் ஜெனரேட்டர் ஓட்டுவது நஷ்டம், 150 ஆம்பியர் பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரம் ஆகும்.

ஜெனரேட்டர் வராந்தாவிலோ கார் ஷெட்டிலோ நிற்கக் கூடாது. சன்னல் கதவிலிருந்து இருபது அடி தள்ளி, மழை படாமல் மேலே மட்டும் ஒரு ஷீட். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகு.

கேள்வி (தக்கலை): அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. ஃபிரிட்ஜ் இல்லாம எப்படி?

பதில்: பயப்பட வேண்டாம் அக்கா. போட்டுக்கொண்டிருக்கும் குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 28 நாள் தாங்கும், வகைக்கு வகை மாறும் என்பதால் பெட்டிக்குள் உள்ள தாளைப் பாருங்கள். மார்கழிக் குளிரில் வீட்டின் உள்ளறையே போதும். பிரிக்காத குப்பிகளை இரண்டு மண்சட்டிக்கு நடுவில் ஈரமணல் போட்டு வைக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் மூன்று நான்கு டிகிரிதான் குறையும், ஃபிரிட்ஜ் குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். ஐஸ் கட்டி மேல் நேராக வைப்பதுதான் பெரிய தப்பு, உறைந்த இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கித் தெரிந்தாலும் போடக் கூடாது.

கேள்வி (தக்கலை): ஆக்சிஜன் மெஷின்?

பதில்: 5 லிட்டர் மெஷின் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டரில் இரண்டு, மூன்று மணி நேரம். எனவே சிலிண்டர் கட்டாயம். 1500 லிட்டர் பிடிக்கும் பி வகை, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம். 7000 லிட்டர் டி வகை இரண்டு நாளுக்கு மேல். புயல் எச்சரிக்கை வந்ததுமே ஆஸ்பத்திரி பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி (இராஜாக்கமங்கலம்): ஃப்ரீசர்ல மீன் கெடக்கு. உப்பு போட்டு காயவைக்கலாமா?

பதில்: வெயில் இருந்தால் சரி. அடைமழையில் உப்பு போட்ட மீனும் புழுத்துவிடும். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் 48 மணி நேரம் தாங்கும், பாதிதான் இருந்தால் 24. ஃப்ரீசருக்குக் கீழே உள்ள ஃபிரிட்ஜ் பகுதி நாலு மணி நேரம்தான். கரண்டு திரும்ப நாளாகும் என்று தெரிந்ததும் முதல் நாளே எடுத்துக் கொடம்புளி போட்டுக் குழம்பு வைத்துவிடுங்கள், காலையும் அந்தியும் நன்றாகக் கொதிக்கவிட்டால் இரண்டு நாள் போகும்.

அதன் பிறகு கஞ்சி, சிறுபயறு, காணத்துவையல், கருவாடு. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மூட்டில் நிற்கும்வரை கெடாது, பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் ஓடிவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிடுங்குங்கள். வயலில் தண்ணீர் கட்டி நின்றால் மட்டும் மொத்தமாக எடுத்து, வில்லை போட்டு அரைவேக்காடாக அவித்து அடுப்புக்கு மேல் உலர்த்த வேண்டும்.

கேள்வி (பேச்சிப்பாறை): தோட்டத்துல விழுந்த ரப்பர் கம்பு நெறைய இருக்கு, அடுப்புக்கு ஆகுமா?

பதில்: பச்சை ரப்பர் புகையத்தான் செய்யும். இந்த வருடத்துக்கு சிரட்டை, கதம்பை (தேங்காய் மட்டை), கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) மூன்றையும் சாக்கில் கட்டிக் கூரைக்குள் ஏற்றி வையுங்கள். மூட்ட கொதும்பு, நின்று எரிய சிரட்டை. சிரட்டைக் கனலைச் சட்டியில் எடுத்துக் குளிருக்காகப் பூட்டிய அறைக்குள் வைக்காதீர்கள், ஜெனரேட்டர் புகைக்குச் சொன்னதுதான் இதற்கும்.

கேள்வி (தோவாளை): கம்பி அறுந்து வாழைத்தோட்டத்துல கெடக்கு. கரண்டுதான் இல்லையே, நாங்களே ஒதுக்கிப் போடலாமா?

பதில்: கூடாது. யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் அந்தக் கம்பிக்கு உயிர் கொடுத்திருக்கலாம், அல்லது நீங்கள் தொடும் நேரத்தில் லைன் வரலாம். முப்பது அடி தள்ளி நில்லுங்கள். முள்வேலி, கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி மேல் விழுந்திருந்தால் வேலி நெடுக ஆபத்து. மாட்டை அந்தப் பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள். கம்பத்தில் எழுதிய எண்ணைக் குறித்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். சிக்னல் இல்லை என்றால் பிரிவு அலுவலகத்துக்கு ஆள் அனுப்புங்கள். செல்போன் டவரின் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் சிக்னல் போய்விடும், செய்திக்கு நாகர்கோவில் வானொலி கேட்க ஒரு சின்ன ரேடியோ வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி (அருமனை): கரண்டு வந்ததும் டிவி புகைஞ்சு போச்சுன்னு நெறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்.

பதில்: லைன் இழுக்கும் அவசரத்தில் நியூட்ரல் சரியாகச் சேராவிட்டால், 230 வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடும். எனவே கரண்டு போன அன்றே மெயினை ஆஃப் செய்து, ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார், இன்வெர்ட்டர் பிளக்குகளைப் பிடுங்கி வையுங்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்ததும் பாய வேண்டாம். கால் மணி பொறுத்து மெயினைப் போட்டு, ஒரு பழைய குண்டு பல்பை மட்டும் எரியவிடுங்கள். வழக்கத்துக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தாலோ, ஏறி இறங்கினாலோ, உடனே அணைத்துவிட்டு லைன்மேனிடம் சொல்லுங்கள். வோல்ட் மீட்டர் இருந்தால் 210-க்கும் 250-க்கும் இடையில் நிற்கிறதா பாருங்கள். பல்பு சரி என்றால் ஃபேன், அப்புறம் இன்வெர்ட்டர், கடைசியில் ஃபிரிட்ஜ். வெள்ளம் தொட்ட பிளக் பாயிண்ட் இருந்தால் வயர்மேன் பார்க்காமல் அந்த லைன் ஃபியூஸைப் போடவே கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரி காலியாக ஒரு வாரம் கிடந்திருந்தால் முதல் முழுச் சார்ஜுக்குப் பிறகு மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பே தட்டுகளைத் தின்றுவிடும்.