பதில்: அமிலம் பட்டதைப் பிள்ளைகள் மறைக்கிறார்கள்

வணக்கம் தங்கச்சி. கல்முனையில் படிப்பிக்கத் தொடங்கி மூன்று மாதம், கையில் அமிலம் பட்ட உயர்தர மாணவி மணி அடிக்கும்வரை வாய் திறக்கவில்லை, கண்ட ஆய்வுகூட உதவியாளரும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பில் நெடுங்காலம் இரசாயனவியல் படிப்பித்தவன்.

உங்கள் பாடசாலையில் பொருள் உடைந்தால் பிள்ளை காசு கட்ட வேண்டுமா? அப்படியென்றால் அதிபரிடம் பேசி முதலில் அதை நிறுத்துங்கள். எங்களிடம் அந்த வழக்கம் இருந்தபோது ஒருவன் உடைந்த வெப்பமானியை லாச்சிக்குள் ஒளித்துவிட்டான். அதற்குள் இருந்த பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். மறுகா வந்த வகுப்புகளெல்லாம் அதைத்தான் சுவாசித்தன. ஒரு வெப்பமானிக் காசுக்கு!

ஒருநாள் நான் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அமிலம் ஊற்றப் போனேன். பின்வாங்கிலிருந்து "சேர், கண்ணாடி" என்று ஒரு குரல். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. "சரி, என் பிழை" என்று போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மற்றப் பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

உதவியாளர் கதை வேறு. மிஸ்ஸைத் திருத்துவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். செய்முறைக்கு முன்னமே "இன்றைக்கு எதில் பிழை வரலாம் அண்ணன்?" என்று நீங்களே கேளுங்கள்.

அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும், அதனால் காலையிலேயே குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள்.