படித்தது மனதில் நிற்கவில்லையே!

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு. ஆங்கிலப் பாடநூலைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறவில்லை. என்ன செய்வது?

பதில்: திரும்பத் திரும்பப் படிப்பதை முதலில் நிறுத்துங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில், ஓர் உரைப்பகுதியை மறுபடி படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நன்றாகத்தான் எழுதினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, பக்கத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே அவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததைத் தமிழிலேயே எழுதுங்கள், தப்பே இல்லை. ஆஸ்மாசிஸ் (சவ்வு வழியே நீர் பரவுவது) பாடமா? உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஏன் உப்புகிறது, அதையே கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் ஏன் உப்புவதில்லை என்று எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அந்த வரியை மட்டும் மறுபடி படித்தால் போதும். பழைய பதினொன்றாம் வகுப்புத் தமிழ் வழித் தாவரவியல் பாடநூலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், சவ்வூடுபரவல் என்று அதில் ஏற்கெனவே படித்ததுதான் இது. அப்புறம், தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்ட வேண்டாம்; திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்குப் பார்த்தால் போதும். தேர்வில் ஆங்கிலத்தில் எழுதுவதென்றால், தமிழில் எழுதியதை மறுநாள் ஆங்கிலத்தில் எழுதுங்கள், இலக்கணப் பிழை வந்தாலும் பரவாயில்லை.