ஐந்து வாக்குத் தொகுதி: சென்ட்ரல் ஃபின்ஸ்பரி கேள்வி பதில்

லண்டனில் 1885 முதல் 1918 வரை மட்டுமே இருந்த நாடாளுமன்றத் தொகுதி சென்ட்ரல் ஃபின்ஸ்பரி. இந்தியத் தலைவர், பார்சி சமூகத்தவர் தாதாபாய் நௌரோஜி 1892-ல் ஜெயித்த இடம். கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்: வெறும் ‘ஃபின்ஸ்பரி’ என்று எழுதாதீர்கள். 1885-க்கு முன்னும் 1918-க்குப் பின்னும் அந்தப் பெயரில் இருந்தவை வேறு தொகுதிகள்.

கயல்: ஐயா, தொகுதி எப்படி உருவானது? யார் யார் ஜெயித்தார்கள்?

1832 தேர்தல் சீர்திருத்தத்தில் பிறந்த பழைய ஃபின்ஸ்பரிக்கு இரண்டு உறுப்பினர்கள். ‘லான்செட்’ மருத்துவ இதழைத் தொடங்கிய தாமஸ் வேக்லி அதன் உறுப்பினராக இருந்தவர். 1885-ல் அதைத் துண்டு போட்டார்கள். கிளெர்க்கன்வெல் பகுதி நம் தொகுதிக்கு வந்தது. கடிகாரம் செய்பவர்களும் நகைத் தொழிலாளர்களும் நெருக்கி வாழ்ந்த பகுதி அது.

1885-ல் லிபரல் கட்சியின் ஹோவர்ட் ஸ்பென்ஸ்லி. 1886-ல் கன்சர்வேடிவ் கட்சியின் ஃபிரெடரிக் பென்டன். பென்டன்வில் என்ற பேட்டையின் பெயரே அவர் குடும்பத்திலிருந்து வந்ததுதான். 1892-ல் நௌரோஜி. 1895 முதல் 1906 வரை கன்சர்வேடிவ் மாசி-மெயின்வேரிங். 1906-ல் தொழிற்சங்கத் தலைவர் ஸ்டெட்மன், லிபரல் ஆதரவோடு. 1910 ஜனவரியிலிருந்து கடைசிவரை கன்சர்வேடிவ் ஆர்ச்சர்-ஷீ. எந்தக் கட்சிக்கும் கோட்டையாக இருந்ததில்லை.

செந்தில்: நௌரோஜி ஜெயித்தது 3 வாக்கிலா, 5 வாக்கிலா?

முதலில் அறிவித்தது 3. மறு எண்ணிக்கையில் 5. இரண்டு எண்ணும் புத்தகங்களில் உலவுவதற்கு இதுதான் காரணம். இறுதி எண் 5.

இளவேனில்: வெறும் 5 வாக்கு என்றால் அதிர்ஷ்டம்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்; இந்தச் சொல் என்னை வருத்துகிறது. நௌரோஜி முதலில் நின்றது 1886-ல், பக்கத்து ஹோல்போர்ன் தொகுதியில். அவருக்கு 1,950 வாக்கு, எதிராளிக்கு 3,651. படுதோல்வி. அதைச் சுட்டித்தான் பிரதமர் சாலிஸ்பரி 1888 நவம்பரில் எடின்பரோ கூட்டத்தில், ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பிரிட்டிஷ் தொகுதி எதுவும் இன்னும் வந்துவிடவில்லை என்ற பொருளில் பேசினார். அதுவரை லண்டனுக்குச் சரியாகத் தெரியாத நௌரோஜியின் பெயர் அந்தப் பேச்சால் நாடெங்கும் பரவியது.

அந்த ஆண்டே சென்ட்ரல் ஃபின்ஸ்பரி லிபரல்கள் அவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கேயும் ரிச்சர்ட் ஈவ் என்ற உட்கட்சிப் போட்டியாளரின் ஆட்கள் முடிவை ஏற்கவில்லை. சொந்தக் கட்சியோடு நான்கு ஆண்டு மல்லுக்கட்டினார் மனிதர். அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

இன்னொன்று: அன்றைக்கு எல்லா ஆணுக்கும் வாக்கில்லை. தனி வீட்டில் குடியிருக்கும் ஆணுக்கு உண்டு, ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள அறையில் குடியிருப்பவருக்கும் உண்டு, ஆனால் அவர் வருடாவருடம் விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று இரு கட்சி முகவர்களும் ஒவ்வோர் ஆண்டும் வழக்காடுவார்கள். அந்த வேலையில் கொஞ்சம் அசந்திருந்தால் ஐந்து வாக்கு ஐந்தாகவே இருந்திருக்காது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆதிரை: பெண்கள் வாக்களித்தார்களா?

இல்லை. ஆனால் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அவரை வெளிப்படையாக ஆதரித்தார். நௌரோஜியும் பெண் வாக்குரிமை இயக்கத்தில் இருந்தவர்.

மாறன்: ஃபின்ஸ்பரியில் அவர் கட்டிய வைப்புத்தொகை எவ்வளவு? எம்.பி. சம்பளம்?

சென்ட்ரல் ஃபின்ஸ்பரி. வைப்புத்தொகை முறை வந்ததே 1918-ல். சம்பளம் 1911-ல், ஆண்டுக்கு 400 பவுண்டு. நௌரோஜிக்கு இரண்டும் கிடையாது.

முகில்: நௌரோஜி முதல் இந்திய எம்.பி. அல்ல. 1841-லேயே டைஸ் சோம்பர் இருக்கிறாரே?

இருக்கிறார். வட இந்தியாவில் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ரு வளர்த்த வாரிசு. இந்திய, ஐரோப்பியக் கலப்புக் குடும்பம். சட்பரி தொகுதியில் ஜெயித்தார். லஞ்சம் கொடுத்ததற்காக 1842-ல் அந்தத் தேர்தலே செல்லாது என்றானது. 1844-ல் சட்பரியின் தொகுதி உரிமையையே பறித்துவிட்டார்கள்.

முகில்: லஞ்சம் கொடுத்தார் என்பதற்காக வரலாற்றிலிருந்து எடுத்துவிடுவீர்களா?

மாட்டேன். இந்திய வம்சாவளியில் முதலில் அவையில் அமர்ந்தவர் சோம்பர். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தியாவின் குரலாக நிற்கிறேன் என்று சொல்லி வாக்குக் கேட்டு ஜெயித்த முதல் ஆள் நௌரோஜி. 1893-ல் ஐ.சி.எஸ். (இந்திய சிவில் சர்வீஸ்) தேர்வை இந்தியாவிலும் சேர்த்து நடத்த வேண்டும் என்ற தீர்மானம் அவையில் நிறைவேறியதில் அவருக்குப் பங்குண்டு. அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை என்பது வேறு கதை.

யாழினி: நடுவில் வருகிறேன். வங்காளத்துக்காரர் லால்மோகன் கோஷ் நௌரோஜிக்கு முன்பே நின்றாரே?

டெப்ட்ஃபோர்டில், 1885-லும் 1886-லும். இரண்டிலும் தோல்வி. நின்றவர் வரிசையில் அவருக்கு மரியாதையான இடம் உண்டு. முகில் கேட்டது ஜெயித்தவர் வரிசை.

முகில்: அப்படியானால் பாடப்புத்தகத்தில் ‘முதல் இந்தியர்’ என்று எழுதுவது தவறுதானே?

ஒரு வரி கூட்டினால் தீரும்: ‘சோம்பருக்குப் பின், முழுக்க இந்தியரான முதல் உறுப்பினர்’. இதற்கு மேல் நாம் சண்டை போட ஒன்றுமில்லை.

பாரி: 3 வாக்கா 5 வாக்கா ஐயா?

மேலே செந்திலுக்குச் சொன்னது.

நிலா: ஃபின்ஸ்பரியில் 1895-ல் ஏன் தோற்றார்?

சென்ட்ரல் ஃபின்ஸ்பரியில், அம்மா. அந்த ஆண்டு நாடெங்கும் லிபரல்கள் சரிந்தார்கள். ஐந்து வாக்கு வித்தியாசத் தொகுதி எப்படித் தாங்கும்? அதே தேர்தலில் பெத்னல் கிரீன் வடகிழக்கில் இன்னொரு பார்சி, பவுநகரி, கன்சர்வேடிவாக ஜெயித்தார். அவரைப் பற்றித் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

வளவன்: எத்தனை வாக்கு வித்தியாசம், ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

5.

கயல்: இப்போது அந்த இடம் எந்தத் தொகுதியில்? போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

1918-ல் மீண்டும் ஃபின்ஸ்பரி, 1950-ல் ஷோர்டிச் அண்டு ஃபின்ஸ்பரி, 1974 முதல் இஸ்லிங்டன் தெற்கு மற்றும் ஃபின்ஸ்பரி. ரோஸ்பரி அவென்யூவில் பழைய ஃபின்ஸ்பரி டவுன் ஹாலில் நௌரோஜிக்கு நினைவுப் பலகை இருக்கிறது. பக்கத்திலேயே நௌரோஜி ஸ்ட்ரீட். சின்னத் தெரு, ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம்.