மண்ணுருவம் செய்ய விரும்பும் மகள்: ஒட்டுசுட்டான் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உயர்தரத்தில் சித்திரம் படித்த உங்கள் மகள், நாட்டார் கதைகளிலும் இலக்கியத்திலும் வரும் மாந்தரைக் களிமண்ணிற் சிறு உருவங்களாகச் செய்து, சூளையிற் சுட்டு விற்பதையே தொழிலாகக் கொள்ளப் போவதாகச் சொல்கிறார் என்றும், பொம்மை செய்து சீவிக்க முடியுமா என்ற கவலையில் உங்களுக்கு நித்திரை இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். சீவிக்கலாம். ஆனால் கதையை அறிந்த அளவுக்கு அவர் நெருப்பையும் அறிந்திருக்க வேண்டும்.

இது புதிதாக முளைத்த தொழிலன்று. ஜேர்மனியின் மைசன் பீங்கான் தொழிற்சாலையில் 1731 இல் சேர்ந்த கேண்ட்லர் என்ற சிற்பி, மேடை நாடக மாந்தரைச் சிறு பீங்கான் உருவங்களாக்கியே பெயர் பெற்றார். இங்கிலாந்தின் ரோயல் டோல்டன் நிறுவனம் டிக்கன்சின் கதை மாந்தரை உருவங்களாகச் செய்து விற்றது. அப்படிச் செய்து விற்கும் உருவங்களில் நம் ஊர்க் கதைகளை நான் அதிகம் காணவில்லை என்பதாலேயே உங்கள் மகளின் எண்ணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முகத்தையும் உடையையும் நன்றாகப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலர் மனம் தளர்வது சூளையடியிலேதான். உள்ளே குடையாத தடித்த உருவத்தில் ஈரம் எஞ்சியிருந்தால், நீராவி வெளியேற வழியின்றி அது சூட்டில் வெடித்து, பக்கத்தில் இருப்பவற்றையும் உடைத்துவிடும். ஆகவே உட்புறத்தைக் குடைந்து, ஒரு சிறு துளை விட்டு, நிழலில் நாட்கணக்காகக் காயவைக்க வேண்டும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் மெல்லிய விரல்கள் உடலுக்கு முன்னரே காய்ந்து வெடிப்பு விடுவதால், அவற்றை மட்டும் பொலித்தீனால் மூடி வைப்பது நல்லது. மண்ணிலுள்ள படிகக்கல் 573 பாகை செல்சியசில் சட்டென விரிவடைகிறது என்பதால், சூட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். சிவப்பு மண்ணுக்கு ஏறத்தாழ 1000 பாகை போதும். பீங்கானுக்கு 1300 அளவில் வேண்டியிருப்பதால் அதைப் பின்னர் பார்க்கலாம். மண் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் சுருங்குமாயின் 25 சென்ரிமீற்றர் உருவம் 22 சென்ரிமீற்றராகிவிடும் என்பதையும் அவர் முன்கூட்டியே கணக்கிடப் பழக வேண்டும். உலர்ந்த களிமண் தூசி நுரையீரலுக்குக் கேடு. வேலையிடத்தைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்கும்படி நீங்களே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கதைகளைத் தேடி அவர் எங்கும் போக வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகியும், கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலும், குமுழமுனையில் யானையை அடக்கிய அரியாத்தையும், 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னித் தலைவன் பண்டாரவன்னியனும் அவருடைய சுற்றாடலிலேயே இருக்கிறார்கள். ஆனால் கதை கேட்கும் நிலையை மண் எப்போதும் தாங்காது. சிலம்பேந்திய கையை வெளியே நீட்டிவிட்டால் அது சூளையிலோ, கொழும்புக்குப் போகும் பேருந்திலோ முறியும். அதே கையை மார்போடு அணைத்துவிட்டால் உருவமும் பிழைக்கும், கோபமும் உள்ளடங்கி இன்னும் வலுவாகத் தெரியும். அரியாத்தையை யானையின் கால்களோடு ஒட்ட நிறுத்தினால் யானையே அவளுக்குத் தூணாகிவிடும். இப்படிச் சிந்திக்கத் தொடங்கும் நாளில்தான் அவர் இத்தொழிலுக்கு உரியவர் ஆகிறார் என்பது என் எண்ணம். கண்ணகியை விற்பனைக்குச் செய்யுமுன் கோயிற் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது முறையாகும், ஏனெனில் ஊருக்கு அவள் அம்மன்.

படிப்பைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பீடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் கற்கலாம். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இத்துறை இல்லை. கொழும்பிலுள்ள கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தை நினைத்தால் கற்பிக்கும் மொழியை முதலில் விசாரியுங்கள். பட்டம் இருந்தால் சித்திர ஆசிரியராகும் வழியும் திறந்திருக்கும். உங்கள் அச்சத்துக்கு அது ஓர் ஆறுதல். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் எடுப்பதாயின் அது தேசிய தொழிற்றகைமையின் எந்த மட்டம் என்று கேளுங்கள்: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து உருவங்களைச் சுட்டு மூன்று உடைந்தால், மிகுந்த ஏழின் விலையே பத்தின் மண்ணையும் விறகையும் உழைப்பையும் சுமக்க வேண்டும். இதை மறந்து மலிவாக விற்பவர்கள் விற்க விற்க நட்டப்படுகிறார்கள். ஒரே உருவத்தைப் பலமுறை செய்வதற்குப் பரிசுச் சாந்து (பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்) அச்சும் அதில் ஊற்றும் களிமண் குழம்பும் உதவும். கையாற் செய்யும் தனி உருவத்துக்கு வேறு விலை, அச்சுருவத்துக்கு வேறு விலை. மின்சூளைக்காக இப்போதே கடன் எடுக்காதீர்கள். இன்னும் சட்டி பானை சுடும் குடும்பம் ஒன்று அருகில் இருந்தால், அவர்களுடைய சூளையில் இடம் கேட்டு, ஒரு வருடம் கூலியின்றி உதவிக்கு நிற்க விடுங்கள். எந்த வகுப்பறையும் தராத பயிற்சி அது.

அடுத்த மாதம் இருவரும் என்னிடம் வரும்போது, முழுதாக வந்த உருவங்களோடு உடைந்தவற்றையும் ஒரு பெட்டியிற் போட்டுக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றும் ஏன் உடைந்தது என்று மகள் எனக்குச் சொல்லட்டும். விண்ணப்பப் படிவங்களை அதன் பின்னர் நிரப்புவோம்.