உறங்க விடாத நிரல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிக்கனமாக எழுதப்பட்ட நிரல் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். பைத்தான் என்ற நிரல்மொழியைவிட சி என்ற மொழி பல மடங்கு குறைந்த ஆற்றலில் இயங்குகிறது என்ற ஆய்வைக் காட்டி, எங்கள் நிரல்களை மாற்றி எழுதலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். வன்பொருள் மலிவு, உன் நேரம்தான் விலை அதிகம் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மொழியை மாற்ற வேண்டாம் என்ற அளவில் உங்கள் மேலாளர் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் தவறு. செயலி பயனரின் கைப்பேசியில் இயங்கும்போது அந்த மின்சாரத்துக்குப் பணம் கட்டுவது உங்கள் நிறுவனம் அல்ல என்பதால், அந்தச் செலவு அவருடைய கணக்கில் ஒருபோதும் வராது.

நீங்கள் குறிப்பிடுவது 27 மொழிகளை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு என்று நினைக்கிறேன். அதில் பைத்தான் சி-யைப்போல் சுமார் 75 மடங்கு ஆற்றலை எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அவை இடைவிடாமல் கணக்கிடும் சிறு சோதனை நிரல்கள். நாம் அன்றாடம் எழுதும் நிரல்களோ பெரும்பாலான நேரம் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருப்பவை. கடுமையான கணக்குகளைச் செய்யும் பைத்தான் நூலகங்களும் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) உள்ளே பெரும்பாலும் சி-யில் எழுதப்பட்டவையே.

காத்திருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். கணினியிலும் கைப்பேசியிலும் கணக்கிடும் சில்லுகளான இன்றைய செயலகங்கள் (ப்ராசஸர்கள்) வேலை இல்லாதபோது ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லக்கூடியவை. 'புதிய செய்தி உண்டா?' என்று நொடிக்கு ஒருமுறை கேட்கும் நிரல் செய்யும் வேலை அற்பமானது, ஆனால் அது ஒவ்வொரு முறையும் அந்த உறக்கத்தைக் கலைக்கிறது. இயங்குதளமேகூட இப்படி நடந்துகொண்டது: எந்த வேலையும் இல்லாதபோதும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவகம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செயலகத்தை எழுப்பிக்கொண்டிருந்தது, 2007இல் வந்த 2.6.21 பதிப்பில்தான் அந்தத் துடிப்பை நிறுத்தும் வசதி சேர்ந்தது. சர்வர்களின் நிலை வேறு. ஏறக்குறைய சும்மா இருக்கும்போதும் ஒரு நல்ல சர்வர் தன் முழுத் திறனுக்கான மின்சாரத்தில் பாதியை எடுத்துக்கொள்கிறது என்று கூகுள் பொறியாளர்களான பரோசோவும் ஹோல்ஸ்லேவும் அதே 2007இல் எழுதினார்கள். இன்றைய சர்வர்கள் அதைவிட மேம்பட்டிருந்தாலும், சும்மா கிடக்கும் பத்து சர்வர்களின் வேலையை மூன்றில் அடக்கிவிட்டு மற்றவற்றை அணைப்பது, அவற்றில் ஓடும் நிரலை வேகப்படுத்துவதைவிடப் பெரும்பாலும் பயன் தரும்.

வேலையையே விட்டுவிடுவது இன்னும் மேல். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணய வலையமைப்பு, பரிமாற்றங்களைச் சரிபார்க்கக் கணினிகள் போட்டிபோட்டுக் கணக்கிடும் முறையைக் கைவிட்டபோது, அந்த வலையமைப்பின் மின் தேவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புதிய சில்லு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

மிச்சமானதைப் புதிய பயன்பாடுகள் விழுங்கிவிடும் என்ற, ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸின் 1865ஆம் ஆண்டு எச்சரிக்கை நிலக்கரியைப் பற்றியது, ஆனால் நமக்கும் பொருந்தும். அதனால் மின்சாரத்தைவிடக் கருவியின் ஆயுளையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு கைப்பேசியால் விளையும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பின்போதே நிகழ்ந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள கருவியைப் பருத்துப்போன மென்பொருள் இரண்டு ஆண்டு முன்னதாகவே தூக்கியெறிய வைத்தால், அந்த இழப்பை எந்த மொழி மாற்றமும் ஈடுகட்டாது.

ஆகவே மேலாளரிடம் மறுபடி போவதானால், சோதனைக்கு ஐந்தாண்டு பழைய கைப்பேசி ஒன்றை வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் உங்கள் செயலி திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.