வார்ஃபரினா, அபிக்சபானா? கேட்டவர்களுக்கு ஒரு மருந்தாளரின் பதில்கள்

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளைப் பற்றித் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவமனை மருந்தாளர். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) பார்த்து வார்ஃபரின் டோஸை ஏற்றி இறக்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். ஒரே ஒரு கோரிக்கை: இதைப் படித்துவிட்டு நீங்களாக டோஸை மாற்றாதீர்கள். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

கேள்வி: அம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன். 12 வருடமாக வார்ஃபரின் சாப்பிடுகிறார். இப்போது அபிக்சபானுக்கு மாற்றலாம் என்கிறார் டாக்டர். இரண்டுமே ரத்தத்தை இளக்குகிற மாத்திரைதானே மேடம், எதற்கு மாற்ற வேண்டும்?

முதலில், இரண்டுமே ரத்தத்தை இளக்குவதில்லை. ரத்தம் அதே கெட்டியில்தான் இருக்கும், உறைவதற்கு மட்டும் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை இரண்டும் வேறு வேறு இடத்தில் உண்டாக்குகின்றன. உறைவதற்குத் தேவையான 2, 7, 9, 10 என்ற நான்கு காரணிகளைக் கல்லீரல் தயாரிக்கும்போது வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-வை உடம்பு புதுப்பித்து மறுபடி எடுத்துக்கொள்ளும், வார்ஃபரின் அந்தப் புதுப்பிக்கும் வேலையை நிறுத்துகிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காரணிகளை அது தொடுவதில்லை, அவை தானாகத் தீர வேண்டும். 7-ஆம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், 2-ஆம் காரணி பாதியாக 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் வார்ஃபரினின் முழுப் பலன் வர ஐந்தாறு நாள் ஆகிறது, அவசரம் என்றால் அதுவரை ஹெப்பரின் ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள்.

அபிக்சபான் இந்தச் சுற்றுவழியில் போவதில்லை. தயாராக இருக்கும் 10ஏ காரணியின் (10-ஆம் காரணியின் செயல்படும் வடிவம்) மேல் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். 3 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்துவிடும், சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். ஆகவே தினம் இரண்டு வேளை.

மாற்றச் சொல்வதற்குக் காரணம் 2011-இல் வெளியான அரிஸ்டாட்டில் என்ற ஆய்வு. உங்கள் அம்மாவைப் போன்ற 18,201 பேரிடம் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டார்கள். அபிக்சபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதமும் உறைகட்டி வேறு உறுப்பில் போய் அடைப்பதும் 21 சதவீதம் குறைவு, பெரிய ரத்தக்கசிவு 31 சதவீதம் குறைவு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மூளைக்குள் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததுதான், ஏனென்றால் வார்ஃபரினில் நாங்கள் அதிகம் பயப்படுவதே அதற்குத்தான். 12 வருடமும் அம்மாவின் ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் அசையாமல் இருந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை, தாராளமாகப் பேசி முடிவெடுக்கலாம். மேலும் கீழும் ஓடுகிறது என்றால் நானும் மாற்றத்தான் சொல்வேன். மாற்றும் முறை இது: வார்ஃபரினை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே வந்ததும் அபிக்சபான் ஆரம்பிப்பார்கள்.

கேள்வி: அபிக்சபான் எல்லோருக்கும் 5 மி.கி. என்கிறார்கள். வார்ஃபரின் மட்டும் எனக்கு 3, என் அண்ணனுக்கு 8. ஒரே குடும்பத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வார்ஃபரினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி ஒன்று, அது தடுக்கும் வைட்டமின் கே நொதி இன்னொன்று. இரண்டுமே மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும், அண்ணன் தம்பிக்குள்ளும் மாறும். அதோடு வயது, எடை, சாப்பாடு, மற்ற மருந்துகள். 8 மி.கி. சாப்பிடுபவருக்கு நோய் அதிகம், 3 சாப்பிடுபவருக்குக் குறைவு என்று அர்த்தமே இல்லை. இருவரின் ஐ.என்.ஆரும் ஒரே எல்லையில் இருந்தால் இருவருக்கும் கிடைப்பது ஒரே அளவு பாதுகாப்புதான்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, 70 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.6. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனுக்கு அபிக்சபான் 2.5 மி.கி. இரண்டு வேளை கொடுத்திருக்கிறார்கள். வயதானவருக்குக் குறைத்துக் கொடுப்பது நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், காரணம் நான் மறுபடி மறுபடி பார்க்கும் தவறு இது. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனில் வழக்கமான டோஸ் 5 மி.கி. காலை, 5 மி.கி. இரவு. 2.5-ஆகக் குறைக்க மூன்று விஷயம் பார்ப்போம்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் குறைக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கிரியாட்டினின் மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கிறது, வயதும் எடையும் தாண்டவில்லை. நீங்கள் சொன்ன கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் 5 மி.கி.தான் வருகிறது. இதே 82 வயது, 58 கிலோ என்றால் கிரியாட்டினின் சரியாக இருந்தாலும் 2.5 சரியான டோஸ்.

பயந்து பாதி டோஸ் கொடுப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அது அப்படியில்லை. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கை இருக்கும், பக்கவாதத்திலிருந்து கிடைக்க வேண்டிய முழுக் காப்பு இருக்காது. சரி, டாக்டர் வேறு ஏதாவது காரணத்துக்காகக் குறைத்திருக்கலாம்: அண்மையில் ரத்தக்கசிவு, சேர்ந்து ஒத்துவராத இன்னொரு மருந்து, அல்லது சிறுநீரகம் வடிகட்டும் வேகம் மிகவும் குறைந்திருப்பது. ஆகவே சண்டைக்குப் போக வேண்டாம், "எந்தக் காரணத்துக்காக 2.5?" என்று நேராகக் கேளுங்கள். காரணம் இருந்தால் அவர் சொல்லிவிடுவார், கவனிக்காமல் எழுதியிருந்தால் திருத்திவிடுவார்.

கேள்வி: எனக்குக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரல் வரை போய்விட்டது. அபிக்சபான் 5 மி.கி. மாத்திரையை வேளைக்கு இரண்டாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். மேலே நீங்கள் சொன்னதற்கு இரண்டு மடங்கு வருகிறதே?

தவறு இல்லை, பயப்படாதீர்கள். புதிதாக உறைந்த கட்டிக்கு முதல் 7 நாள் 10 மி.கி. இரண்டு வேளை, அப்புறம் 5 மி.கி. இரண்டு வேளை. 6 மாதம் கழிந்தும் தொடர வேண்டியிருந்தால் 2.5 ஆகலாம். மேலே சொன்ன வயது, எடை, கிரியாட்டினின் கணக்கு ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனுக்கு மட்டும், உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் கவனிக்க வேண்டியது எட்டாவது நாள். அன்றைக்கு டோஸ் இறங்குகிறது என்பதை மறந்து 10 மி.கி.யிலேயே தொடர்ந்தவர்கள் உண்டு. தேதியை மாத்திரை அட்டையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்து அலுத்துவிட்டது அக்கா. நானும் புதிய மாத்திரைக்கு மாறலாமா?

வேண்டாம். அலுப்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதில் இடமே இல்லை. ஆன்-எக்ஸ் என்ற உலோக வால்வு வைத்தவர்களுக்கு அபிக்சபான் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2022-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், வார்ஃபரின் எடுத்தவர்களைவிட அவர்களுக்கு உறைகட்டி அதிகம் வந்ததுதான் காரணம். அதற்கு முன்பு டாபிகட்ரான் என்ற இன்னொரு புதிய மருந்தை உலோக வால்வுக்காரர்களிடம் பார்த்தபோதும் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. உலோக வால்வுக்கு வார்ஃபரின்தான். மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில்) வால்வு என்றால் ஐ.என்.ஆர். எல்லையும் உயரும், பெரும்பாலும் 2.5 முதல் 3.5.

இன்னும் இரண்டு பேருக்கு இதே பதில்தான். வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்கள் முதல் வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் இருப்பவர்கள், அதிலும் தமனியில் உறைந்தவர்கள், இரண்டாவது. புதிய மருந்து என்பதாலேயே அது எல்லோருக்கும் மேலானது என்று யாராவது சொன்னால், எந்த நோய்க்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: வார்ஃபரின் எலி மருந்தாமே?

ஆமாம், 1948-இல் எலிக்கொல்லியாகத்தான் விற்பனைக்கு வந்தது. கெட்டுப்போன இனிப்பு க்ளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்ததை ஆராய்ந்தபோது, அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த பொருளிலிருந்து பிறந்தது இது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. எலிக்கு ரத்தம் நிற்காமல் போகும் அளவு, நமக்குக் கட்டி உறையாத அளவு. அளவுதான் வித்தியாசம், அந்த அளவைக் காப்பாற்றத்தான் ஐ.என்.ஆர். பார்க்கிறோம்.

கேள்வி: வார்ஃபரின் ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் கீரையே கண்ணில் காட்டுவதில்லை. சரியா?

சரியில்லை. கீரையில் வைட்டமின் கே அதிகம், அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும், இவ்வளவுதான் உண்மை. அளவு ஒரே சீராக இருந்தால் அதற்கு ஏற்ற டோஸ் அமைந்துவிடும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஐ.என்.ஆரை ஆட்டும். முழுக்க நிறுத்தியவர்களுக்கு உடம்பில் வைட்டமின் கே இருப்பே குறைந்து, சின்ன மாற்றத்துக்கும் எண் தாவுவதைப் பார்த்திருக்கிறேன். அபிக்சபானுக்குக் கீரைப் பிரச்சினை கிடையாது, வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம், சாப்பிட்ட பிறகும் சாப்பிடலாம்.

கேள்வி: முட்டி வலிக்கு மாத்திரை, சளிக்கு ஆன்டிபயாடிக் எல்லாம் இவற்றோடு சாப்பிடலாமா?

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் இரண்டோடும் வேண்டாம். வயிற்றில் புண்ணையும் உண்டாக்கும், தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும், அதன்மேல் உங்கள் மாத்திரையும் சேர்ந்தால் குடலில் கசியும். வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். ஆனால் வார்ஃபரின்காரர்கள் தினம் 2 கிராம் அளவில் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும், சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் வார்ஃபரின் ரொம்பவே தொட்டாற்சிணுங்கி. மெட்ரோனிடசோல், கோ-டிரைமோக்சசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இதயத்துக்கான அமியோடரோன் எல்லாம் ஐ.என்.ஆரை நன்றாக ஏற்றிவிடும். அபிக்சபானை ஏற்றுபவை குறைவு, கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், ரிட்டோனவிர் முக்கியமானவை. ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டையுமே அடித்து இறக்கும். இங்கேதான் ஒரு பெரிய வேறுபாடு: காசநோய்க்காக ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் வார்ஃபரினில் ஐ.என்.ஆர். பார்த்து டோஸை ஏற்றி ஓரளவு சமாளிக்கலாம், அபிக்சபானில் எவ்வளவு குறைந்தது என்று காட்ட வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லாததால் அந்தச் சேர்க்கையையே தவிர்ப்போம்.

கேள்வி: அபிக்சபானுக்கு ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்பது உண்மையா?

ஐ.என்.ஆர். வேண்டாம். மருந்தில் சுமார் 27 சதவீதம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியாட்டினினும், கூடவே ஹீமோகுளோபினும், வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கும் சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கும் அதைவிட அடிக்கடி.

கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால்?

அபிக்சபான்: அன்றைக்கே நினைவு வந்தால் உடனே சாப்பிட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். வார்ஃபரின்: அன்றைக்குள் என்றால் சாப்பிடலாம், மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிட்டுக் குறித்து வையுங்கள். இரண்டிலுமே ஈடுகட்ட இரட்டை டோஸ் கூடாது. அடிக்கடி மறப்பவர்கள் அதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வார்ஃபரின் உடம்பில் மெதுவாகக் குறைவதால் ஒரு நாள் விட்டாலும் கொஞ்சம் தாங்கும், அபிக்சபான் ஒரே நாளில் கரைந்துவிடும்.

கேள்வி: எனக்கு 29 வயது, வார்ஃபரின் சாப்பிடுகிறேன், குழந்தைக்கு முயற்சி செய்ய நினைக்கிறோம்.

முயற்சிக்கு முன்பே உங்கள் டாக்டரைப் பாருங்கள் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். வார்ஃபரின் கருவை எட்டும், குறிப்பாக 6 முதல் 12-ஆவது வாரம் வரை எலும்பும் மூக்கும் உருவாவதைக் கெடுக்கலாம். அபிக்சபானும் கர்ப்பத்தில் பரிந்துரைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் ஹெப்பரின் வகை ஊசிக்கு மாற்றுவார்கள், அது நஞ்சுக்கொடியைத் தாண்டாது. உலோக வால்வு இருந்தால் இந்த முடிவு இன்னும் சிக்கல், இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டியது. ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதுவும் உயிருக்கு ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு பால் கொடுக்கும்போது வார்ஃபரின் எடுக்கலாம்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்? அவசரம் என்றால் முறிவு மருந்து உண்டா?

வார்ஃபரின் வழக்கமாக 5 நாள். அபிக்சபான் கசிவு குறைவான சிகிச்சைக்கு 1 நாள், பெரிய சிகிச்சைக்கு 2 நாள், சிறுநீரகம் மோசமாக இருந்தால் கூடலாம். ஒரு பல் பிடுங்க பெரும்பாலும் வார்ஃபரினை நிறுத்தவே தேவையில்லை, முந்தைய ஓரிரு நாளில் ஐ.என்.ஆர். பார்த்தால் போதும்.

முறிவுக்கு வார்ஃபரினில் வைட்டமின் கே இருக்கிறது, அது வேலை செய்யச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் ஆபத்தான கசிவில் உறைதல் காரணிகளை அடர்த்தியாக்கிய மருந்தையும் நரம்பில் ஏற்றுவார்கள். அபிக்சபானுக்கு வைட்டமின் கே பயன்படாது, ஆனால் அந்த அடர்த்தி மருந்தை அதற்கும் கொடுக்கிறார்கள். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள், மருந்தின் பெயரையும் கடைசி மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், முதல் கேள்வி கேட்டவன்தான். டாக்டரிடம் பேசிவிட்டோம், மாற்றுவது என்று முடிவு. அம்மாவின் ஐ.என்.ஆர். நேற்று 2.4, இன்று 1.8. நாளை முதல் அபிக்சபான் என்கிறார். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நல்லது, 2-க்குக் கீழே வந்துவிட்டது, அவர் சொன்னபடியே ஆரம்பியுங்கள். ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: வீட்டில் மிச்சமிருக்கும் வார்ஃபரின் அத்தனையையும், மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தவை உட்பட, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 12 வருடமாக மாலையில் அந்த மாத்திரையை எடுத்த கை, பழக்கத்தில் அதையே தேடும். புதியதையும் பழையதையும் சேர்த்துச் சாப்பிட்டு மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் இரண்டு மாத்திரையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, எது போகிறது, எது வருகிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.